ஒரே பந்தி, ஒரே பாத்திரம்

  ஞானஸ்நானம், திருவிருந்து இரண்டும் இயேசு கிறிஸ்து தாமே ஏற்படுத்திய நியமங்கள் என்பதைப் பெரும்பாலான புராட்டஸ்டண்டு சபைகள் ஏற்கின்றன. அவை எதற்கு என்பதில்தான் பேதம். விசுவாசம் உள்ளத்தில் இருந்தால் போதும், அப்பமும் ரசமும் வெறும் சடங்கு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மனதுக்குள் ஒத்துக்கொண்டதை நாலு பேர் முன்னால் உடம்பாலும் ஒத்துக்கொள்கிறோமா என்பது பந்தியில் தெரிந்துவிடும்.

கொரிந்து சபையில் அது தெரிந்தது. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்று குடித்து வெறித்திருக்க, இல்லாதவர்கள் பட்டினியாய் இருந்தார்கள். நீங்கள் கூடி உண்பது கர்த்தருடைய பந்தியே அல்ல என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் தீர்த்துச் சொல்கிறார். அபாத்திரமாய்ப் பானம்பண்ணுவது பற்றிய எச்சரிப்பும் அதே அதிகாரத்தில்தான் வருகிறது. நாமோ அதைத் தனிமனித ஒழுக்கத்தோடு நிறுத்திக்கொண்டோம். இல்லாதவர்களை வெட்கப்படுத்தியதுதான் அங்கே அவர் காட்டும் குற்றம்.

தமிழ்ச் சபையின் கதையும் இதுதான். 1706இல் மிஷனெரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கிய பின் வளர்ந்த சபைகளில் வெள்ளாளர் ஒரு பக்கமும் தலித்துகள் மறுபக்கமும் உட்கார்ந்து ஒரே பிரசங்கத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டார்கள். பிரசங்கம் யாரையும் இடம் மாற்றவில்லை. திருவிருந்துக்கும் வெள்ளாளர் முதலில், மற்றவர்கள் பிறகு; சில இடங்களில் பாத்திரமே தனி. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே விட்டுவிட வேண்டும் என்று கட்டளையிட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே விலகினார்கள். கீர்த்தனைகளால் இன்றும் நம்மோடு வாழும் வேதநாயகம் சாஸ்திரியார்கூட வெள்ளாளர் பக்கம் நின்றே எழுதினார். சாதி உலக வழக்கம், மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது அவர்கள் வாதம். உலக வழக்கம்தான் என்றால் கர்த்தருடைய பாத்திரத்தில் அது ஏன் குறுக்கே வந்தது? இந்தக் கேள்விக்கு அந்த வாதத்தில் பதில் இல்லை.

சிலுவையில் மனந்திரும்பிய கள்வன் ஞானஸ்நானமும் பெறவில்லை, பந்தியிலும் அமரவில்லையே என்று கேட்கலாம். உண்மை. தேவன் தமது கிருபையை நியமங்களுக்குள் அடைத்து வைக்கவில்லை. இரட்சணிய சேனை 1883இல் இந்த நியமங்களை நிறுத்திவிட்டது. ஏழைகளுக்கு அது செய்த ஊழியத்தை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்தச் சேனையில் சேருகிறவரும் கொடியின் கீழ் நின்று உறுதிமொழி எடுக்கிறார், சீருடை உடுத்துகிறார். கண்ணுக்குத் தெரியும் அடையாளம் அவர்களுக்கும் தேவைப்பட்டது.

ஒரே பாத்திரம் வந்தும் சாதி போகவில்லையே என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். போகவில்லைதான். நியமம் மந்திரம் அல்ல. மனமில்லாதவனை அது மாற்றாது. ஆனால் ஒரே பந்தியில் கைநீட்டியவன் பெண் கொடுக்கும்போதும் பிணம் புதைக்கும்போதும் சாதி பார்த்தால், அவனுக்கு எதிரான சாட்சி அந்தப் பந்தியே. பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டுவந்தவன், சகோதரனுக்குத் தன்மேல் குறையுண்டென்று நினைவு வந்தால், முதலில் போய் ஒப்புரவாகட்டும் என்பது இயேசுவின் கட்டளை. உங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பகுதி இன்னும் இருந்தால், அடுத்த திருவிருந்துக்கு முன் அதை ஒன்றாக்கிவிட்டுப் பந்திக்கு வாருங்கள்.