மலைச்சேற்றில் கணவன்-மனைவி மாரத்தான்: 'எனக்கு ஒண்ணும் இல்லே' என்றால் உஷார்!

ரோட்டில் 42 கிலோமீட்டர் மாரத்தான் ஓடவே நாக்கு தள்ளிவிடும். அதையே மழையில் ஊறிய மலைப்பாதையில், ஜோடி போட்டு ஓடுகிறார்கள் ஐரோப்பாவில். ஆல்ப்ஸ் மலையைத் தாண்டும் 'டிரான்ஸ்ஆல்பைன்' ஓட்டம் 2005-ல் இருவர் இருவராக ஓடும் போட்டியாகத் தொடங்கியது. கணவன்-மனைவியும் சேர்ந்து ஓடலாம். ஒருவர் மட்டும் முந்திப் போய் பயன் இல்லை. மெதுவாக ஓடுபவர் வைத்ததுதான் சட்டம்!

சேற்றில் ஏற்றத்தைவிட இறக்கம்தான் வழுக்கும். குட்டிக் குட்டி அடியாக வைக்க வேண்டும்.

அதைவிட பெரிய எமன் குளிர். நனைந்த பனியனில் காற்று அடித்தால் உடல் சூடு மளமளவென்று இறங்கும். 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் நடுக்கம், நாக்குழறல், புத்தித் தடுமாற்றம் வரும். பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாமல் போகும். "எனக்கு ஒண்ணும் இல்லே, நீ போ" என்பார். போகக்கூடாது. ஈரத்துணியை மாற்றி, காற்று படாத இடத்தில் உட்கார வைக்க வேண்டும்.

சீனாவின் கான்சு மாகாணத்தில் 2021 மே 22-ல் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீர் மழையும் சூறைக்காற்றும் தாக்கி 21 பேர் பலியானார்கள். பலர் மெல்லிய பனியன், அரைக்கால் சட்டையில் ஓடியவர்கள். ஆடு மேய்க்கும் ஒருவர் 6 பேரைக் குகைக்குக் கொண்டுபோய், நெருப்பு மூட்டிக் காப்பாற்றினார்.