நார்மல் என்று அச்சிட்ட எண்

புனே ராஸ்தா பேட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஃப்ரீ டி4 எகிறியிருக்கிறது, டிஎஸ்எச் நார்மல். எதை நம்புவது?"

தைராய்டு தானாகக் கொந்தளித்து டி4 ஹார்மோனைக் கொட்டினால், மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி, தைராய்டை முடுக்கும் டிஎஸ்எச் சுரப்பை ஏறக்குறைய நிறுத்திவிடும். அந்த நேரத்தில் டிஎஸ்எச் 2.5 என்று வந்தால் அது நார்மலே அல்ல. பிட்யூட்டரியில் டிஎஸ்எச் சுரக்கும் கட்டி இருக்கலாம். பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வருவது. 2011 கணக்கெடுப்பின் புனே மாநகரத் திரளுக்கு ஐந்து பேர் தேறுவார்கள். டிஎஸ்எச் மட்டும் பார்க்கும் மலிவுப் பேக்கேஜில் இவர்களில் சிலர் ஆரோக்கியசாலிகளாக வெளியே வந்துவிடுவார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

உடனே கட்டி என்று பயப்பட வேண்டாம். சிலர் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதங்கள் லேப் கருவியையே ஏமாற்றும். வேறு கம்பெனிக் கருவியில் மறுபடி பார்க்க வேண்டும். தைராய்டு ஹார்மோனுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காத பரம்பரைக் குறையும் இதே அறிக்கையைத் தரும். அதனால் பெற்றோர், உடன்பிறந்தோர் ரத்தத்தையும் சோதிப்பார்கள்.

எனக்குப் பிடித்த விசித்திரம் ஆல்பா. டிஎஸ்எச் இரண்டு இழைகளால் ஆனது. பீட்டா அதற்கே உரியது; ஆல்பாவோ எல்எச், எஃப்எஸ்எச், கர்ப்ப ஹார்மோன் எல்லாவற்றுக்கும் பொது. லட்சுமி ரோட்டில் நான் வாங்கும் கோலாப்புரிச் செருப்பில், எல்லா மாடலுக்கும் ஒரே இடது கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டி நிதானமில்லாத பட்டறை. இடது கால்களை வெட்டிக் குவிக்கிறது. ஜோடி சேராத அந்த ஆல்பா ரத்தத்தில் வழிகிறது. டிஎஸ்எச்சோடு அதன் விகிதம் ஏறியிருந்தால் கட்டியின் மேல் சந்தேகம் வலுக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பிசகும். அவர்களுக்கு ஆல்பா இயல்பாகவே அதிகம்.

எம்ஆர்ஐ இதற்கெல்லாம் பிறகு. ஒன்றும் செய்யாத சின்னப் புடைப்பு பத்தில் ஒருவர் பிட்யூட்டரியில் இருக்கும். படத்தை முதலில் எடுத்தால் அதைப் பார்த்துக் கலங்குவோம். இதைவிடக் கொடுமை, கழுத்தைக் குற்றவாளியாக்கித் தைராய்டை வெட்டுவது அல்லது கதிர் அயோடினால் கருக்குவது. ஹார்மோன் குறைந்ததும் மேலே கட்டிக்கு இருந்த கொஞ்சநஞ்சக் கடிவாளமும் அறுந்து, அது பெரிதாகலாம்.

கட்டியை மூக்கு வழியாக எடுக்கிறார்கள். முழுக்க எடுக்க முடியாதவர்களுக்கு ஆக்ட்ரியோடைட் ஊசி. அறுவைக்குப் பின் ஒரு வாரத்தில் டிஎஸ்எச் அளக்க முடியாத அளவுக்கு விழுந்தால் மருத்துவர் மகிழ்கிறார். கட்டி முழுதாய்ப் போய்விட்டது. இத்தனை காலம் அடங்கிக் கிடந்த நல்ல செல்கள் இன்னும் விழிக்கவில்லை.