பழைய நாளிதழ்களைத் தேடி

அஞ்சத்தக்க ஆற்றலுடையவரை ‘எம்டன்’ என்று சுட்டும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. முதல் உலகப்போரின்போது, 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டுத் தீக்கிரையாக்கியது. அச்சொல் பிறந்த கதை இதுவே. அன்றைய மக்கள் இச்செய்தியை எவ்வாறு படித்தனர் என அறிய விரும்பும் மாணவர், பிற்கால நூல்களோடு நின்றுவிட இயலாது. அக்கால நாளிதழையே காண வேண்டும்.

தேடலுக்கு முதல் திறவுகோல் தேதி. தாக்குதல் இரவில் நிகழ்ந்தமையால், செய்தியை மறுநாள் முதற்கொண்டே தேட வேண்டும். ஒரு வாரத்து இதழ்களையேனும் புரட்டுதல் நன்று. முதல்நாள் வதந்தியும் பின்னர்த் திருத்தமும் வருவது நாளிதழின் இயல்பன்றோ! அந்நாளில் ஆங்கிலத்தில் ‘இந்து’வும் தமிழில் ‘சுதேசமித்திர’னும் சென்னையிலிருந்து நாள்தோறும் வெளிவந்தன.

பழைய தமிழ் இதழ்களைத் தேடுவோர் பலரும் நாடுமிடம், அடையாற்றுக்கு அருகே தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் நூல்களையும் இதழ்களையும் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைகொடுத்து வாங்கியது. ஆயினும் அதனைக் கடல்கடந்து கொண்டுசெல்லாமல், 1994இல் சென்னையிலேயே நூலகமாக்கத் துணைநின்றது. தொட்டால் நொறுங்கும் தாள்கள் நுண்படச் சுருள்களாகப் படமெடுக்கப்பட்டன. படிப்பதற்குரிய கருவியில் சுருளைப் பொருத்திப் பக்கம் பக்கமாக நகர்த்திப் படிக்கலாம்.

கணினியில் ஒரு சொல்லைத் தட்டினால் போதாதா எனலாம். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய ‘றா’, ‘னை’ போன்றவற்றின் பழைய வடிவங்களைக் கணினி பிழையாகப் படிக்கக்கூடும். சொற்களும் மாறியுள்ளன. ‘மாவட்டம்’ என்று தேடுபவருக்கு ‘ஜில்லா’ அகப்படாது. ‘ஆசிரியர்’ என்று தேடுபவருக்கு ‘உபாத்தியாயர்’ அகப்படார்.

இத்தகைய பொறுமையான தேடலுக்குப் பயன் உண்டு. பாரதியார் ‘இந்து’ நாளிதழுக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதங்கள் பல, நெடுங்காலம் பழைய இதழ்களுக்குள்ளேயே உறங்கிக் கிடந்தன. வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி அவற்றைத் தேடியெடுத்து, 2008இல் ‘பாரதி கருவூலம்’ என்னும் நூலாக்கினார். யாரும் புரட்டாதிருந்தால் அக்கடிதங்கள் தாளோடு மக்கியிருக்கும்.

அண்மைக்காலச் செய்திகளைத் தேடுவது எளிது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நாளிதழ்களைப் படிக்கலாம். பல நாளிதழ்களின் மின்பதிப்புகளும் கிடைக்கின்றன. பழையதாயினும் புதியதாயினும், செய்தி கிடைத்தவுடன் இதழின் பெயர், தேதி, பக்கம், பத்தி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அக்குறிப்பு இல்லையேல், மறுமுறை அச்செய்தியைக் காண மீண்டும் முதலிலிருந்தே சுருளைச் சுழற்ற நேரும்.