யாழில் அடங்காத பாட்டும் பேண்டில் அடங்காத கடலும்

காரைக்காலை ஒட்டிய தருமபுரத்துச் சிவனுக்கு யாழ்மூரிநாதர் என்று பெயர். பெயருக்குப் பின்னால் உள்ள கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. சம்பந்தர் பாடும் பதிகங்களைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் வாசித்து வந்தார். தருமபுரம் பாணரின் தாய் பிறந்த ஊர். இவர் வாசிப்பதால்தான் பதிகங்களுக்கு இத்தனை பெருமை என்று உறவினர்கள் பேசிவிட்டார்கள். கூசிப்போன பாணர், யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடியருள வேண்டும் என்று சம்பந்தரைக் கேட்டுக்கொண்டார். அவரும் பாடினார். பாணரால் வாசிக்க முடியவில்லை. யாழையே உடைக்க ஓங்கியவரைச் சம்பந்தர் தடுத்தார்.

அடியார்களுக்கு இது அருள். எனக்கு இதில் கொஞ்சம் இயற்பியலும் தெரிகிறது. யாழில் நரம்புக்கு ஒரு சுரம்தான். வீணையைப் போல மெட்டுகள் கிடையாது. தந்தியை இழுத்து ஒரு சுரத்தை அடுத்ததை நோக்கி வளைக்க எளிதான வழியில்லை. குரலோ இரண்டு சுரங்களுக்கு நடுவே எங்கு வேண்டுமானாலும் நின்று அசையும். அந்தப் பதிகத்தின் பண்ணான யாழ்மூரியை இன்று அடாணா ராகத்தில் பாடுகிறார்கள். அசைவை எடுத்துவிட்டால் அடாணாவில் என்ன மிஞ்சும்?

வாத்தியத்திலிருந்து குரலுக்கு என எதிர்த் திசையில் போவது எளிது. ஆங்கிலேயரின் பேண்டு மெட்டுகளை எடுத்து முத்துசுவாமி தீட்சிதர் வடமொழிச் சாகித்தியம் அமைத்தார்; அவற்றை நோட்டு சுரம் என்கிறோம். அந்த மெட்டுகள் கமகம் என்ற அசைவு இல்லாத நேர்ச் சுரங்கள். குரலுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

ஒரு வாத்தியத்துக்காகப் பிறந்த இசையை வேறொன்றுக்கு மாற்றுகிறவர் எவரும் பாணரின் இடத்தில்தான் நிற்கிறார். மேற்கில் இதற்குக் கடினமான பரீட்சை, குளோத் தெபுஸ்ஸியின் இசையை ஊதுவாத்திய பேண்டுக்கு மாற்றுவது. அவர் ‘நோக்த்யூர்ன்’ தொகுப்பை முடித்த 1899இல் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1905இல் அவரது ‘கடல்’ அரங்கேறியபோதும்தான். இந்த மாற்றத்தில் சிக்கல் சுரத்தில் இல்லை. எந்தச் சுரத்தையும் பேண்டு ஊதிவிடும். சிக்கல் ஒலியின் நிறத்தில்.

வில் உரசும் தந்தியில் அடிப்படை அதிர்வோடு அதன் 2, 3, 4 மடங்கு அதிர்வுகளும் சேர்ந்து எழும். பேண்டில் வயலின்களின் பங்கை வழக்கமாக ஏற்பது கிளாரினெட். அது ஒரு முனை மூடிய உருளைக் குழாய்போல நடந்துகொள்வதால், கீழ்ப்பகுதியில் 1, 3, 5 என ஒற்றைப்படை மடங்குகளே ஓங்கி ஒலிக்கின்றன. ஓபோவும் சாக்ஸபோனும், நம் நாயனமும்கூட, கூம்பு வடிவக் குழல்கள். அவற்றில் இரட்டைப்படை மடங்குகளும் கிடைக்கும். தேர்ந்த மாற்றுநர் கிளாரினெட்டோடு இவற்றில் ஒன்றை மெலிதாகக் கலந்து வில்லின் நிறத்துக்கு அருகில் வருவார்.

அப்படியானால் நேராக ஓபோவுக்கே கொடுத்துவிடலாமே? அங்கேதான் சீவாளி குறுக்கே வருகிறது. காற்றழுத்தம் ஒரு குறைந்த அளவைத் தாண்டினால்தான் சீவாளி அதிரத் தொடங்கும். அதற்குக் கீழே வெறும் மூச்சுதான். தெபுஸ்ஸியின் தந்திகளோ எப்போது தொடங்கின என்றே தெரியாமல் தொடங்குபவை. அந்த இல்லாமையிலிருந்து எழுந்து வருவது ஓபோவுக்குப் பெரும்பாடு. கிளாரினெட்டுக்குக் கைவந்த கலை.

வில்லுக்கு மூச்சு வாங்க வேண்டியதில்லை என்பது அடுத்த தொல்லை. பேண்டில் ஒருவர் மூச்செடுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் ஊதிக்கொண்டிருக்க வேண்டும். இது காவிரி டெல்டாவுக்குப் புதிதல்ல. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுக்கும் நாதஸ்வர ஜோடிகளை நாம் கேட்டிருக்கிறோம். வில்லை வேகமாக முன்னும் பின்னும் அசைத்து வயலின்கள் எழுப்பும் நடுக்கத்துக்குப் பதிலாக, இரண்டு கிளாரினெட்டுகள் இரண்டு சுரங்களை எதிரெதிராக மாற்றி மாற்றி ஊதுவதுண்டு. தாளில் எழுதியிருப்பது வேறு, காதில் விழுவது ஏறக்குறைய அதே பனிமூட்டம். எழுதியதற்கு விசுவாசமாக இருப்பவர் இந்த வேலையில் தோற்பார் என்பது என் கட்சி.

‘நோக்த்யூர்ன்’ தொகுப்பின் நடுப்பகுதி ‘விழாக்கள்’. அதை இசைக்குழு வடிவத்திலும் பேண்டு வடிவத்திலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். நடுவே மூன்று டிரம்பெட்டுகள் அடைப்பு வைத்து ஊத, தூரத்திலிருந்து ஓர் ஊர்வலம் நெருங்கி வரும். அந்த இடத்தில் பேண்டுக்கு ஒரு குறையும் இல்லை. அதன் முன்னும் பின்னும் வயலின்கள் பறக்கும் இடங்களில் கிளாரினெட்டுகளைக் கவனியுங்கள். மாற்றியவரின் திறமை அங்கே தெரிந்துவிடும்.