அளபெடையும் இசைக்குறியீட்டின் பிணைப்பு வில்லும்

ஓரெழுத்தால் காட்டவியலாத நீளத்தை எவ்வாறு எழுதுவது என்னும் வினாவிற்குத் தொல்காப்பியர் நூன்மரபிலேயே விடை கூறியுள்ளார். மூன்று மாத்திரை இசைக்கும் தனியெழுத்து இல்லை. நீட்டம் வேண்டின் உரிய அளவுடைய எழுத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 'ஆஅ' என்புழி வடிவம் இரண்டு, ஒலிப்பு ஒன்று. (நன்னூலார் அளபெடையைச் சார்பெழுத்தாக எண்ணினார், தொல்காப்பியர் எண்ணவில்லை.) மேனாட்டு ஐவரிக் குறியீட்டில் 'டை' எனப்படும் வில்லின் பணியும் இதுவே. ஐந்து கூறு நீளும் ஒலிக்குத் தனிக்குறி இன்மையின், நான்கு கூற்றுக் குறியும் ஒரு கூற்றுக் குறியும் வில்லால் பிணைக்கப்படுகின்றன.

கருநாடக இசைக்குறியீடு வேறு வழியை மேற்கொண்டது. 'ஸ' ஓரலகு, 'ஸா' ஈரலகு; மேலும் நீள, காற்புள்ளி ஓரலகையும் அரைப்புள்ளி ஈரலகையும் சேர்க்கும். செம்பை வைத்தியநாத பாகவதர் (1896–1974) பிறந்த பாலக்காட்டுப் பகுதியில் தமிழ்க் கீர்த்தனையை மலையாள எழுத்தில் எழுதிக்கொள்பவருக்கும் இம்முறை மாறுவதில்லை; அவ்வெழுத்திலும் குறில் நெடில் வேறுபாடு உண்டு. தாள அங்கக் கோட்டைக் கடந்து சுரம் நீளுமிடத்துச் சுர எழுத்து மீள வருவதில்லை. கோட்டிற்கு அப்பால் காற்புள்ளி மட்டுமே நிற்கும். உரைநடையில் நிறுத்தத்தை உணர்த்தும் குறி இங்கு நிறுத்தாமையை உணர்த்துகிறது! இதனை அறியாது ஐவரிக்கு மாற்றுவோர் கார்வையை மௌனமாக்கிவிடுவர். 1893இல் கருநாடக உருப்படிகளை ஐவரியில் வெளியிட்ட சின்னசாமி முதலியார் தொடங்கி, இப்பெயர்ப்பில் ஈடுபடுவோர் அனைவரும் எதிர்கொள்ளும் சிக்கல் இது.

கணினி புகுந்தபின் தெரிவின் ஒரு பகுதி மென்பொருளின் இயல்பமைவிடம் சென்றுவிட்டது. 1996இல் தொடங்கப்பட்ட லிலிபாண்டைக் காண்போம். வில்லிட்ட சுரம் கோட்டைக் கடப்பின், ஏற்ற இறக்கக் குறியை அது மீண்டும் அச்சிடுவதில்லை; அவ்விடத்தில் வரி முறிந்து புதுவரி தொடங்கினால் மட்டும் அச்சிடும். படிப்பவர் கண் முந்தைய வரியில் இல்லை என்னும் கருத்தே காரணமாகலாம்.

சாகித்திய வரியில்தான் இடர் மிகுதி. சாகித்தியத்தைச் சுரவரியோடு தானே இணைக்குங்கால், வில்லால் பிணைந்த சுரங்களுக்கு அம்மென்பொருள் ஓரசையையே அளிக்கும். தமிழ்ப் படியெடுப்பாளர் சிலர் நீட்சியைக் காட்ட உயிரை மீண்டும் எழுதுவர்: 'மா அ தே'. 'மா' பிணைந்த சுரங்கள் முழுவதையும் பெற, 'அ' அடுத்த சுரத்திற்கும், 'தே' அதற்கடுத்ததற்கும் தள்ளப்படுகின்றன. அவ்வரியின் எஞ்சிய அசைகள் அனைத்தும் ஓரிடம் பிறழும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது.

ஆகவே நீட்சியுயிரை உள்ளீட்டிலேயே நீக்குதல் வேண்டும் என்பது என் கருத்து. செய்யுளில் உள்ள அளபெடையை அவ்வாறு நீக்கலாகாது. அது புலவர் எழுதியது, படியெடுப்பாளர் சேர்த்ததன்று. 'மாஅ' என இடைவெளியின்றி ஓரசையாக உள்ளிடின் இரண்டும் காக்கப்படும்.