சுடுதண்ணித் தொட்டி ஏன் ஓடல?

(மின்னியல் பிரிவு, மூன்றாம் ஆண்டு மாணவர் எழுதியது)



"சித்திரை வெயில்ல நம்ம செங்கல்பட்டுல குழாயைத் திறந்தாலே சுடுதண்ணிதான் வருது. இதுக்குப் போய் தனியா ஒரு தொட்டியா?" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. நானும் முதலில் அப்படித்தான் சிரித்தேன். ஆனால் கோவளம் தாண்டி மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு தடவை போய் வாருங்கள். சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே பங்களாக்களும் ரிசார்ட்டுகளும் வரிசையாக நிற்கும். அவற்றில் சிலவற்றில் தோட்டத்திலோ மாடியிலோ இந்தத் தொட்டி உண்டு. ஊரில் இதற்கு "ஜகூசி" என்றே பெயர். அது உண்மையில் ஒரு குடும்பப் பெயர். இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறி பம்பு செய்து விற்ற சகோதரர்கள் அவர்கள். அவர்களில் கண்டிடோ ஜகூசி என்பவர், மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட தன் மகனுக்காகக் குளியல் தொட்டியில் வைக்கும் பம்பு ஒன்றைச் செய்தார். அது 1950களில் விற்பனைக்கும் வந்தது. வைத்தியத்துக்குப் பிறந்த பொருள் இன்று வசதிக்கு வந்து நிற்கிறது.

நமக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? அது கெட்டுப்போனால் கூப்பிடுவது நம்மைத்தானே! லீவு நாட்களில் நான் என் சித்தப்பாவுக்குக் கையாளாகப் போவேன். அவர் வயரிங் கான்ட்ராக்ட் எடுப்பவர். அவரோடு போய்க் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உள்ளே என்ன இருக்கு?

மூடியைக் கழற்றிப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. தண்ணீரைச் சுற்றவிட ஒரு பம்பு. சூடாக்க 3 கிலோவாட் அளவில் ஒரு ஹீட்டர். குமிழி விட ஒரு புளோயர். தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்க ஃப்ளோ சுவிட்ச். சூட்டை அளக்க ஒரு சென்சார். சூடு எல்லை மீறினால் அறுத்துவிட ஒரு கட்-அவுட். இவற்றையெல்லாம் ஆட்டிவைக்க ஒரு கன்ட்ரோல் போர்டு. வெளியே பேனலில் எம்சிபியும் ஆர்சிசிபியும். அவ்வளவுதான். நம் லேபில் தனித்தனியாகப் பார்த்தவை எல்லாம் இங்கே ஒரே பெட்டியில் கூடியிருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. தண்ணீரும் கரண்டும் சேர்ந்த இடம் இது. மெயினை ஆஃப் செய்து, வேறு யாரும் போடாதபடி பூட்டிவிட்டு, டெஸ்ட் லேம்ப்பால் சோதித்த பிறகே கை வைக்க வேண்டும். லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இல்லாமல் நாம் தனியாகத் தொடக் கூடாது.

நோய் 1: உயிரே இல்லை

விளக்கு இல்லை, சத்தம் இல்லை. முதலில் சப்ளையைப் பாருங்கள். இங்கேதான் நியான் டெஸ்டர் நம்மை ஏமாற்றும். டெஸ்டர் எரிகிறதே, கரண்ட் இருக்கிறதே என்று போர்டைக் குற்றம் சொல்லக் கூடாது. பேஸ் வந்து நியூட்ரல் அறுந்திருந்தாலும் டெஸ்டர் எரியும். லோடு சேர்ந்திருக்கும்போது இரண்டு முனையிலும் டெஸ்டர் எரிந்தால் நியூட்ரல் போயிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் பிடித்தால் உண்மை தெரிந்துவிடும். சப்ளை சரி என்றால் போர்டிலுள்ள சிறு ஃபியூஸ், அடுத்து டிரான்ஸ்பார்மர் என்று வரிசையாகப் போங்கள். கடலோரத்தில் பெரும்பாலும் குற்றவாளி பச்சை பூத்த ஒரு ஸ்குரூ முனைதான்.

நோய் 2: பம்பு உறுமுது, சுத்தல

"ம்ம்ம்" என்று சத்தம், ஆனால் சுற்றவில்லை. உடனே ஆஃப் செய்யுங்கள், இல்லாவிட்டால் வைண்டிங் கருகிவிடும். பிறகு மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் துருவும் உப்பும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். இரண்டு, கெப்பாசிட்டர். தொடும் முன் ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்ய மறக்காதீர்கள். மூன்று, வோல்டேஜ். மோட்டாரின் டார்க் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்று படித்தோமே, நினைவிருக்கிறதா? 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 190 வந்தால் டார்க் ஏறக்குறைய 68 சதவீதம்தான். தளர்ந்த மோட்டார் அதில் எப்படிக் கிளம்பும்?

இன்னொன்று. அமெரிக்காவிலிருந்து வந்த தொட்டி என்றால் பெயர்ப் பலகையைப் படியுங்கள். 60 சைக்கிளுக்குச் செய்த மோட்டார் நம் 50 சைக்கிளில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், சூடும் அதிகமாகும்.

நோய் 3: பம்பு ஓடுது, சூடு ஏறல

தண்ணீர் மாற்றியவுடன் இது வந்தால் ஏர் லாக். பம்புக்குள் காற்று அடைத்திருக்கும். மோட்டார் சுற்றும், தண்ணீர் நகராது. ஃப்ளோ சுவிட்ச் ஹீட்டரை விடாது. மோட்டாரை நிறுத்திவிட்டு யூனியனை லேசாகத் தளர்த்தினால் காற்று புஸ்ஸென்று போய்த் தண்ணீர் கசியும். இறுக்கிவிட்டு ஓட்டுங்கள். அதுவும் இல்லையென்றால் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அழுக்கு அடைத்தாலும் இதே கதைதான். சிலர் ஃப்ளோ சுவிட்சையே ஷார்ட் செய்து "ரெடி பண்ணிட்டேன்" என்பார்கள். தண்ணீர் ஓடாமல் ஹீட்டர் எரிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சில சமயம் கோளாறே இருக்காது, அவசரம்தான் இருக்கும். 1000 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்கு ஏற்ற 41,860 கிலோ ஜூல் வேண்டும். 3 கிலோவாட் ஹீட்டருக்கு அது கிட்டத்தட்ட 4 மணி நேர வேலை. கிளாம்ப் மீட்டரில் 13 ஆம்பியர் காட்டினால் ஹீட்டர் நன்றாக இருக்கிறது, வீட்டுக்காரருக்குத்தான் பொறுமை வேண்டும்.

நோய் 4: போட்டதும் டிரிப் ஆகுது

இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று ஆர்சிசிபி பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் கசிந்தால் அறுத்துவிடும். கண்டுபிடிக்கும் முறை எளிது. எல்லா எம்சிபியையும் இறக்கி ஆர்சிசிபியை மட்டும் போடுங்கள். நின்றால் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அதுதான் ஆள். எல்லாம் இறங்கியிருக்கும்போதே விழுகிறதா? அப்படியானால் எங்கோ நியூட்ரல் எர்த்தில் பட்டிருக்கும். சிங்கிள் போல் எம்சிபி பேஸை மட்டும்தானே அறுக்கிறது! நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் மாட்டுவது ஹீட்டர். அதன் இரண்டு வயரையும் கழற்றி, 500 வோல்ட் மெகரால் எலிமெண்டுக்கும் பாடிக்கும் நடுவே அளவுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே என்றால் சந்தேகம். போர்டோடு சேர்த்து மெகர் போட்டால் போர்டு போய்விடும், ஜாக்கிரதை. மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்த எலிமெண்டில் உள்ளேயிருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரம் குடித்திருக்கலாம். கழற்றி மிதமான சூட்டில் காயவைத்து மறுபடி அளந்து பாருங்கள். ஏறாவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இனி நடந்த கதை. ஒரு சனிக்கிழமை கடலோர பங்களா ஒன்றுக்குக் கூப்பிட்டார்கள். தொட்டி ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீரும் சூடாக இருந்தது. புகார் புளோயரைப் பற்றித்தான். வாட்ச்மேன் பெரியவர் சொன்னார்: "முன்ன அடிக்கடி டிரிப் ஆயிட்டிருந்துச்சுப்பா. போன வாரம் வேற ஒரு ஆளு வந்து சரி பண்ணிட்டுப் போனாரு. அப்புறம் ஒரு தடவைகூட விழல."

சித்தப்பா புளோயர் பக்கமே போகவில்லை. நேராகப் பேனலைத் திறந்தார். ஆர்சிசிபியின் மேல் முனையிலிருந்து கீழ் முனைக்கு இரண்டு துண்டு வயர். "டைரக்ட்" கொடுத்திருந்தார்கள்.

ஈர மணலில் ஒரு கம்பியைத் தள்ளி ஊன்றி, ஹீட்டர் பாடிக்கும் அதற்கும் நடுவே அளந்தோம். 90 வோல்ட்! எர்த் வயரில் கிளாம்ப் மீட்டர் 0.9 ஆம்பியர் காட்டியது. சித்தப்பா என்னைப் பார்த்தார். "டிப்ளமோ, கணக்குப் போடு."

போட்டேன். நீங்களும் போடுங்கள். 90-ஐ 0.9-ஆல் வகுத்தால் 100. எர்த் 100 ஓம். எலிமெண்ட் முழுசாகவே பாடியில் ஒட்டிக்கொண்டால்கூட 230-ஐ 100-ஆல் வகுத்தால் 2.3 ஆம்பியர்தான். பேனலில் இருந்ததோ 20 ஆம்பியர் எம்சிபி. அது ஜென்மத்துக்கும் விழாது. ஆர்சிசிபி இருந்திருந்தால்? 30 மில்லி ஆம்பியரிலேயே, அதாவது பாடியில் வெறும் 3 வோல்ட் வரும்போதே அறுத்திருக்கும். அது முன்பு அடிக்கடி விழுந்ததற்கு அர்த்தம் அதுதான்.

"அப்போ இந்த ஒரு வாரமா குளிச்சவங்களுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?" என்று கேட்டேன். மின்கம்பியில் காக்கா உட்காருகிற மாதிரிதான். உள்ளே இருக்கும்வரை தெரியாமல் போகலாம். ஒரு கால் தண்ணீரிலும் இன்னொரு கால் வெளியே ஈரத் தரையிலும் இருக்கும் நொடியில் உடம்பு அந்த 90 வோல்ட்டுக்குக் குறுக்கே நிற்கும். நனைந்த உடம்புக்கு 1000 ஓம் என்று வைத்தால் 90 மில்லி ஆம்பியர். இதயம் தாறுமாறாகத் துடித்து நிற்க அது போதும். ஈரமான இடத்தில் 25 வோல்ட்டையே ஆபத்து எல்லையாக வைப்பார்கள். குளத்துத் தண்ணீருக்குள் வைக்கும் சாதனத்துக்கு 12 வோல்ட்டுக்கு மேல் கூடாது என்பது சர்வதேச விதி. அதுவரை யாரும் சாகாதது அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

"தம்பி, சாயங்காலம் முதலாளி வீட்டுப் புள்ளைங்க வராங்களே, இன்னைக்கு ஒரு நாள் மட்டும்..." என்று இழுத்தார் பெரியவர்.

"அந்தப் புள்ளைங்க வராங்கன்னுதாங்கய்யா கழட்டறேன்," என்றார் சித்தப்பா. மெயினை இறக்கி ஹீட்டர் வயரைக் கழற்றி டேப் சுற்றினார். முதலாளியிடம் போனில் அவரே பேசினார். முதலில் கோபம், பிறகு மௌனம், கடைசியில் "செய்யுங்க". ஹீட்டரை மெகரில் போட்டபோது முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. இரண்டு நாளில் புது எலிமெண்ட், புது ஆர்சிசிபி, புது எர்த். பழைய எர்த் மேல் மணலில் அடித்த குட்டைக் கம்பி. காய்ந்த மணல் கரண்டைக் கடத்தாது. ஈரம் தட்டும் ஆழம் வரை இறக்கிய பிறகு எர்த் டெஸ்டர் 8 ஓம் காட்டியது.

உப்புக் காற்றை மறக்காதீர்கள்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கருங்கல்லையே உப்புக் காற்று அரித்திருக்கிறது. அதைத் தடுக்கத்தான் அங்கே சவுக்கு வளர்த்தார்கள். கல்லுக்கே அந்தக் கதி என்றால் நம் கான்டாக்டரும் டெர்மினலும் எம்மாத்திரம்? 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட மழை, புயலுக்குப் பிறகு பேனலைத் திறந்து, துடைத்து, காயவைத்து, மெகர் பார்க்காமல் எந்தத் தொட்டியையும் ஓட்டாதீர்கள். மாதம் ஒரு முறை ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அமுக்குங்கள். பட்டன் விழுந்தால் சுவிட்ச் நல்லது என்றுதான் அர்த்தம். எர்த் நல்லதா என்பதைத் தனியாக அளக்க வேண்டும்.

நண்பர்களே! உங்கள் வீட்டில் இந்தத் தொட்டி இல்லாமல் இருக்கலாம். ஆனால் கீசரும் கிரைண்டரும் மோட்டாரும் இருக்கின்றன. ஊருக்குப் போனதும் முதல் வேலையாக மெயின் பெட்டியைப் பாருங்கள். ஆர்சிசிபி இருக்கிறதா? டெஸ்ட் பட்டன் வேலை செய்கிறதா? யாராவது "டைரக்ட்" கொடுத்திருக்கிறார்களா? நாளைக்கு நாம் வேலைக்குப் போனதும் "அடிக்கடி டிரிப் ஆகுது, எதாவது பண்ணு தம்பி" என்று கேட்பார்கள். அப்போது இரண்டு துண்டு வயரை எடுக்காமல் மெகரை எடுங்கள். நாம் மூன்று வருஷம் படித்ததற்கு அதுதான் அடையாளம்.