ஓராண்டு குறைந்ததால் கைநழுவிய சீட்டு
கர்நாடக நுழைவுத் தேர்வும் நம் பிள்ளைகளும்

(நமது பெங்களூர் பகுதி நிருபர்)

எங்கள் பார்சல் ஆபீசில் சுமை ஏற்றும் நண்பர் ஒருவர் இருக்கிறார். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். சென்ற ஆண்டு ஒரு நாள் காலையில் கையில் பழுப்பு நிறக் கவருடன் வந்து நின்றார்.

"சார், பையன் சி.இ.டி. எழுதி ரேங்க் வாங்கிட்டான். ஆனா சர்டிபிகேட் பார்க்கிற இடத்துல கவர்ன்மென்ட் சீட்டு கிடையாதுன்னுட்டாங்க. இங்கே ஆறு வருஷந்தான் படிச்சிருக்கானாம், ஏழு வேணுமாம்" என்றார்.

கவரைப் பிரித்துப் பார்த்தேன். பையன் 6-ஆம் வகுப்பு வரை ஊரில் ஆயா வீட்டில் படித்திருக்கிறான். 7-ஆம் வகுப்பில்தான் பெங்களூர் வந்திருக்கிறான். விரல் விட்டு எண்ணினால் பி.யு.சி. 2-ஆம் ஆண்டு வரை ஆறே ஆண்டுகள்தான். பிழை யார் மீதும் இல்லை. விதி அவருக்குத் தெரியாது. எடுத்துச் சொல்லவும் ஆள் இல்லை. நம்மவர்களில் இதுபோல் பலர் இருப்பதால்தான் இதை எழுத நேர்ந்தது.

தேர்வு வந்த கதை

ஒரு காலத்தில் கர்நாடகத் தனியார் கல்லூரிகளில் மருத்துவ, பொறியியல் இடங்கள் நன்கொடைக்கு விற்கப்பட்டன. 1984-ல் மாநில அரசு இதற்கு எதிராகச் சட்டம் கொண்டு வந்தது. உத்தரப் பிரதேச மாணவி மோகினி ஜெயின் தொடுத்த வழக்கில், நன்கொடை வாங்குவது தவறு என்று 1992-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்குத் தீர்ப்பு வந்தது. அதையொட்டி 1994-ல் தோன்றியதே சி.இ.டி. எனப்படும் பொது நுழைவுத் தேர்வு. இப்போது இதை நடத்துவது மல்லேஸ்வரத்தில் உள்ள கர்நாடகத் தேர்வு ஆணையம். மருத்துவத்துக்கு 'நீட்' வந்துவிட்டதால், நம் பிள்ளைகள் சி.இ.டி. எழுதுவது பெரும்பாலும் பொறியியலுக்கே.

நமது தாய் மாநிலம் வேறு வழியில் சென்றது. அங்கு 1984-ல் தொடங்கிய நுழைவுத் தேர்வை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. பொறியியலுக்கு அங்கே பிளஸ் டூ மார்க்கே போதும். ஊரில் உள்ள மைத்துனர் "மார்க் இருந்தால் சீட்டு" என்று சொல்வதை நம்பி இங்கே இருப்பவர்கள் ஏமாறக்கூடாது.

பாதிக்குப் பாதி

பொறியியல் ரேங்க் போடும்போது பி.யு.சி. மார்க்குக்குப் பாதியும், சி.இ.டி. மார்க்குக்குப் பாதியும் மதிப்பு தரப்படுகிறது. சி.இ.டி.யில் பாடத்துக்கு 60 கேள்விகள், 60 மார்க், நேரம் 80 நிமிடம். தவறான விடைக்கு மார்க் குறைப்பதில்லை. ஆகவே எந்தக் கேள்வியையும் விட்டுவிடலாகாது.

ஒரு கணக்குப் பார்ப்போம். சர்க்கார் கல்லூரி மாணவி ஒருத்தி பௌதிகம், ரசாயனம், கணிதம் மூன்றிலும் சேர்த்து 300-க்கு 270 வாங்குகிறாள். பயிற்சி இல்லாததால் சி.இ.டி.யில் 180-க்கு 60 மட்டுமே. அவளுக்குக் கிடைப்பது 45-ம் 16.67-ம் சேர்ந்து 61.67. தனியார் பயிற்சி பெற்ற மாணவன் பி.யு.சி.யில் 240-தான் வாங்கினான், ஆனால் சி.இ.டி.யில் 120. அவனுக்கு 40-ம் 33.33-ம் சேர்ந்து 73.33. பள்ளிப் பாடத்தில் முந்தியவள் ரேங்க்கில் பிந்துகிறாள்! பயிற்சியோடு சேர்த்து நடத்தும் தனியார் பி.யு. கல்லூரிகள் லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கின்றன. கூலி வேலை செய்பவர் அதற்கு எங்கே போவார்?

அரசும் சும்மா இருக்கவில்லை. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது 'கெட் சி.இ.டி. கோ' என்ற இலவச இணையப் பயிற்சியைத் தொடங்கியது. ஆனால் ஒரே செல்போனை மூன்று பேர் பங்கு போடும் வீட்டில் இணையப் பயிற்சி எம்மட்டு? தேர்விலும் குறை இல்லாமல் இல்லை. 2024-ல் பாடத்திட்டத்துக்கு வெளியே கேள்விகள் வந்ததாகப் புகார் எழுந்து, 50 கேள்விகள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. நுழைவுத் தேர்வுக்கான பயிற்சியைச் சர்க்கார் பி.யு. கல்லூரி வகுப்பறையிலேயே, ஆசிரியரைக் கொண்டே, தவறாமல் நடத்துவதுதான் நியாயம்.

ஏழாண்டு விதி

அரசு ஒதுக்கீட்டு இடம் பெற, 1-ஆம் வகுப்பிலிருந்து பி.யு.சி. முடிய உள்ள 12 ஆண்டுகளில் குறைந்தது 7 முழு ஆண்டுகள் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. 10-ஆம் வகுப்பையோ 2-ஆம் பி.யு.சி.யையோ இங்கே தேறியிருக்கவும் வேண்டும். ராணுவத்தார், மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவுகள் உண்டு. அவற்றின் நிபந்தனைகளை அந்தந்த ஆண்டின் விளக்கப் புத்தகத்தில் படித்துக்கொள்ள வேண்டும்.

ஆக, 6-ஆம் வகுப்பு தொடங்கும்போது பிள்ளை இங்கே இருந்தால் ஏழாண்டு சரியாக நிறையும். 7-ஆம் வகுப்பில் வந்தால் ஓராண்டு குறையும். அப்படிக் குறைந்தவர்கள் தமிழ்நாட்டில் பூர்வீகச் சான்றிதழ் பெற்று அங்குள்ள கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்கும் முன்கூட்டியே அலைய வேண்டும்.

படித்ததற்கான சான்றிதழ்களை ஒவ்வொரு பள்ளியிலும் அவ்வப்போதே வாங்கி வைப்பது நல்லது. ஜாதிச் சான்றிதழிலும் எச்சரிக்கை தேவை. பட்டியல் ஜாதியினர் தங்கள் மாநிலத்துச் சலுகையைக் குடிபெயர்ந்த மாநிலத்தில் கோர முடியாது என்று 1990-ல் சுப்ரீம் கோர்ட் கூறிவிட்டது. தமிழ்நாட்டுச் சான்றிதழை நம்பி இருந்துவிடாமல், இங்குள்ள தாசில்தார் அலுவலகத்தில் நேரில் விசாரிக்க வேண்டும்.

நண்பரின் மகன் இப்போது பி.எஸ்சி. படிக்கிறான். இளையவள் ஊரில் ஆயாவிடம் 4-ஆம் வகுப்பில் இருக்கிறாள். "வர்ற ஜூன்ல இங்கே கூட்டிட்டு வந்திடறேன் சார். கிழவியைத் தனியா விட்டுட்டு வரணுமேன்னுதான் யோசனை" என்றார் அவர்.

"அம்மாவையும் அழைத்து வாருங்கள்" என்றேன். "பத்துக்குப் பத்து ரூம் சார்" என்றவர் சற்று யோசித்துவிட்டு, "சரி, பார்த்துக்கலாம்" என்று மூட்டையைத் தோளில் ஏற்றினார்.

ஊரில் பிள்ளையை விட்டு வந்திருக்கும் அன்பர்கள், இன்றைக்கே வருடத்தை எண்ணிப் பார்ப்பார்களாக.